வடிகால் வந்த வழி

மழை ஓய்ந்து மூன்று நாளாகியும் ஒரு தெருவில் நீர் வடியவில்லை. தெருவினர் தம் வார்டு உறுப்பினரிடம் மனு அளிக்கின்றனர். மழைநீர் வடிகால் வேண்டும் என்னும் ஒரே கோரிக்கைதான் அதில் உள்ளது. அக்கோரிக்கை சிமென்டும் கம்பியுமாகத் தெருவுக்கு வந்து சேருமுன் பல மேசைகளைக் கடக்கிறது. எந்த மேசையில் யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்தவரால்தான் மனு எங்கே தங்கிவிட்டது என்று கேட்க இயலும்.

மன்றமும் ஆணையரும்

நகராட்சி என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது வரி கட்டும் அலுவலகம். அலுவலகம் நகராட்சியின் ஒரு பாதியே. வார்டுதோறும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அமரும் மன்றம் மற்றொரு பாதி. மன்றம் தீர்மானிக்கும், அரசு அமர்த்திய ஆணையர், பொறியாளர் முதலிய அலுவலர்களைக் கொண்டு அதனை நிறைவேற்றுவார். தலைவரை உறுப்பினர்கள் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கின்றனர். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் 138 நகராட்சிகளுக்கு இவ்வாறு தேர்தல் நடைபெற்றது. உறுப்பினர் இடங்களில் பாதி மகளிருக்கு உரியவை.

1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74ஆவது திருத்தம், நகரமைப்பு, சாலை, குடிநீர், திடக்கழிவு அகற்றல், தெருவிளக்கு, இடுகாடு உள்ளிட்ட 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. அவற்றுள் எவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கே அது விட்டுவிட்டது. ஆகவே, பட்டியலில் உள்ள அனைத்தும் நகராட்சியின் கையில் முழுமையாக இருப்பதாகக் கொள்ளலாகாது. தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து நீர் கொணரும் பெருந்திட்டங்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமே பெரும்பாலும் அமைக்கிறது. அந்நீரைத் தெருக்குழாய்க்குக் கொண்டு சேர்ப்பதும், குழாய் வறண்டால் வசவு வாங்குவதும் நகராட்சியின் பங்கு.

நீர் எங்கே போகும்?

வடிகாலுக்குரிய முதற்கேள்வி பணத்தைப் பற்றியதன்று. நீர் எங்கே போய்ச் சேரும் என்பதே. பொறியாளர் தெருவின் மட்டத்தை அளந்து, சரிவு எப்பக்கம் என்று காண்கிறார். அப்பக்கம் இருந்த பழைய வாய்க்கால் வீடுகளால் மூடப்பட்டிருந்தால், எத்துணைச் சிறந்த வடிகாலும் நீர் நிறைந்த தொட்டியாகவே நிற்கும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வகை செய்யும் முழுமைத் திட்டம், எவ்விடம் குடியிருப்புக்கு, எவ்விடம் வணிகத்துக்கு, எவ்விடம் திறந்தவெளியாக இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கும் நாளில் அவ்வரைபடத்தைப் பார்க்கத் தவறியதன் விலையைப் பத்தாண்டு கழித்து ஒரு தெரு முழுவதும் கொடுக்கிறது.

இனி, பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். தோண்ட வேண்டிய மண் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை கிலோ என அனைத்தும் அரசின் விலை விகிதப் பட்டியலின்படி கணக்கிடப்படும். சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றோடு மாநில அரசின் பகிர்வும் ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியமும் சேர்ந்ததே நகராட்சியின் வருவாய். அதில் இப்பணிக்கு இடமுண்டா என்று பார்த்தபின், மதிப்பீடு கூட்டப்பொருளாக மன்றத்தின் முன் வைக்கப்படும்.

ஒப்பந்தப்புள்ளி

தீர்மானம் நிறைவேறிவிட்டது என்பதற்காகத் தலைவரோ ஆணையரோ தமக்குத் தெரிந்த ஒருவரிடம் பணியை ஒப்படைத்துவிட முடியாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000இல் வந்தன. அவ்விதிகளின்படி, இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாளும் ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் காலம் தருதல் வேண்டும். வந்தவற்றை, வந்திருக்கும் ஒப்பந்தக்காரர்களின் முன்னிலையில் திறத்தல் வேண்டும். தகுதியுடையோருள் குறைந்த விலை கேட்டவருக்கே பணி. அவ்விலையும் சந்தை விலையைவிட மிகுதி எனத் தோன்றினால், அவரிடம் மட்டுமே விலைக்குறைப்புப் பேசலாம். இரண்டாமவரைத் தனியே அழைத்துப் பேசுதல் கூடாது.

விதி நேரியதாயினும் அதனைச் சுற்றிச் செல்லும் வழிகளும் உண்டு. பெரிய பணி ஒன்றைச் சிறு துண்டுகளாக்கினால் மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாது போகலாம். ஒரே வடிகால் ஒரே மாதத்தில் நான்கு மதிப்பீடுகளாகப் பிரிந்து வந்தால், உறுப்பினர் ஒருவர் எழுந்து காரணம் கேட்க வேண்டிய இடம் அது. குறைந்த விலை என்பதும் தன்னளவில் நன்மையன்று. மதிப்பீட்டுக்கு மிகக் கீழே விலை கேட்பவர், அந்த வேறுபாட்டைச் சிமென்டிலோ கம்பியிலோ மீட்டுக்கொள்ள முற்படலாம்.

அதனைத் தடுக்கும் கருவி அளவுப் புத்தகம் என்னும் எளிய பதிவேடு. நகராட்சியின் ஆவணங்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், பணத்துக்கு மிக அருகில் இருப்பதும் அதுவே. தோண்டிய ஆழத்தைக் கான்கிரீட் இடும் முன்னும், கட்டிய கம்பியைக் கான்கிரீட் மூடும் முன்னும் பொறியாளர் நேரில் அளந்து அதில் எழுத வேண்டும். மூடிய பின் கம்பியைக் காண இயலாது. எழுதியதை நம்புவதே வழி. அலுவலகத்தில் அமர்ந்தபடி எழுதப்பட்ட ஓர் அளவு, தெருவில் இல்லாத கம்பிக்கும் பணம் பெற்றுத்தரும்.

செலவுக்குப் பின் வருவது தணிக்கை. கணக்குக் காட்டுதல் தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கின்றன அவை.

இன்று கணக்குக் கேட்கும் உரிமை தெருவினருக்கும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அளவுப் புத்தகத்தின் படியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தருதல் வேண்டும். நடைபெறும் பணியைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அச்சட்டமே இடமளிக்கிறது. வடிகாலுக்குக் கலந்த கான்கிரீட்டில் ஒரு பிடியும் அத்தகைய மாதிரிதான்.