கூடிச் செய்யும் வாணிபம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் விராலிமலை விளங்குகிறது. ஆறுமுகப் பெருமானுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் விசேஷ வழக்கத்தையும், அங்குள்ள மயில்களையும் அறியாத தமிழர் சிலரே. அம்மலையடிவாரத்தில் சற்று நின்று நோக்குவோர்க்கு வாணிபத்தின் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும். பூ விற்பவள், பழக்கடைக்காரர், சுருட்டு விற்பவர், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் ஆகிய அனைவரும் பிழைப்பது யாத்திரிகர் கூட்டத்தால். ஒரு கடைக்காரன் வந்தவனை ஏமாற்றினால், வந்தவன் மறுமுறை மலையேறத் தயங்குவான். நஷ்டம் எல்லாக் கடைகளுக்குமே. பிறர்க்குப் பயன்படுவதே தனக்கு லாபம் என்பது வெறும் தர்மோபதேசமன்று. கணக்குப் புத்தகம் காட்டும் உண்மையென்றே நாம் கூறுவோம்.

ஆயினும் அயலானை வீழ்த்துவதே வியாபார சாமர்த்தியம் என்று கருதுவோர் நம்மிடையே பலர். இவ்வெண்ணத்தின் விளைவைத் தமிழ்நாடு நன்கு அனுபவித்திருக்கிறது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ரிஜிஸ்தர் செய்வித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பெருஞ்செல்வர் மட்டுமின்றி ஏனையோரும் சேரத்தக்கவாறு பங்கைச் சிறிதாக வகுத்ததே அவருடைய தீர்க்கதரிசனம். எதிரிக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது! அக்குடை பிரயாணிகளின் நன்மைக்காகக் கொடுக்கப்பட்டதன்று. போட்டியை ஒழித்தபின் கட்டணத்தை இஷ்டம்போல் உயர்த்துவதற்கே என்பதில் சந்தேகமுண்டோ? 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

புதுக்கோட்டைச் சீமைக்கே உரிய மற்றொரு திருஷ்டாந்தமும் உண்டு. இது கற்பாறை நிறைந்த பூமி. கல்லுடைத்து ஜல்லியாக்கும் ஏழைப் பெண்கள் நெடுங்காலம் குத்தகைதாரர்களின் கூலிகளாகவே உழன்று வந்தனர். 1990-களின் தொடக்கத்தில் ஜில்லா நிர்வாகம் பல கற்சுரங்கங்களை அப்பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. அக்காலத்தில்தான் அறிவொளி இயக்கமும் இம்மாவட்டமெங்கும் பரவியது. பெண்கள் எழுத்துக் கற்றனர், ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். நேற்றுவரை சம்மட்டி பிடித்த கை, லாரி லோடுகளை எண்ணி எழுதத் தொடங்கியது. கல் அதே கல்தான். உழைப்பும் அதே உழைப்புத்தான். இடையில் நின்றவன் எடுத்துக்கொண்ட பங்கு உழைத்தவர்க்கே சேர்ந்தது என்பதே வேறுபாடு.

ஆனால் இந்த நல்ல ஏற்பாடு நீடித்து நிலைக்கவில்லை. பழைய குத்தகைதாரர்களின் எதிர்ப்பு ஒருபுறமிருக்க, குத்தகை என்பதே சர்க்கார் கையில் உள்ளது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் கூடும். இங்கேதான் குஜராத்தின் கைரா ஜில்லாப் பால் உற்பத்தியாளரிடமிருந்து நாம் பாடம் கற்கவேண்டும். 1946-இல் ஸ்ரீ திரிபுவனதாஸ் பட்டேல் தலைமையில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தபோது, குளிர்காலத்தில் பெருகும் பாலை வாங்க ஆளில்லாத இடர் அவர்களை வருத்தியது. 1955-இல் ஆனந்த் நகரில் தமக்கே சொந்தமான ஆலையை நிறுவி, மிகுந்த பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் மாற்றினர். கறப்பவனுக்கு ஆண்டு முழுவதும் விலை கிடைத்தது. பட்டணத்தானுக்கு நல்ல பண்டம் கிடைத்தது. இருதரத்தாரும் வேண்டி நிற்கும் ஸ்தாபனத்தை அசைப்பது எளிதன்று.

ஆகவே கூட்டுமுயற்சி நிலைபெற மூன்று காரியங்கள் அவசியம் என்பது நமது அபிப்பிராயம். உழைப்போர்க்குத் தொழிற்சாதனத்தின்மீது உறுதியான உரிமை வேண்டும். அங்கத்தினர் எவரும் படித்தறியத்தக்க திறந்த கணக்கு வேண்டும். வாங்குவோன் பிறரை நாடாதிருக்கத்தக்க தரமும் நாணயமும் வேண்டும். முதலாவது இல்லாமையால் கல்லுடைத்த பெண்கள் ஏமாந்தனர். இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமையால் நம் நாட்டில் பல சங்கங்கள் பெயரளவில் நிற்கின்றன.

இன்று விராலிமலையைச் சுற்றிப் பெரிய ஆலைகள் எழுந்துள்ளன. அவற்றை விரோதிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆலைக்கு வேண்டிய பண்டத்தை அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் தனித்தனியே விற்றால் கூலிகளாவர். ஒன்றுகூடித் தரம்பிரித்து விற்றால் பங்காளிகளாவர். தேசத் தொண்டர்கள் மேடைப் பிரசங்கத்தோடு நில்லாது, கிராமத்திற்கு ஒரு சங்கத்தின் கணக்கையேனும் சீர்செய்து கொடுப்பாராக. ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்த தமிழனுக்கு, ஊர் கூடித் தொழில் நடத்தத் தெரியாமற் போகுமோ?