சிங்கப்பூரில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு உள்ளூர்த் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், “சிங்கப்பூருக்குப் போய்க் கற்பிக்கலாம் என்றிருக்கிறேன்” என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, “அந்த ஊர் பத்திரமா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் தெருவை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரின் தெருக்களில் பயமில்லை. கையில் இருக்கும் காகிதம் சரியில்லாதபோதுதான் அங்கே ஆபத்து தொடங்குகிறது. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கு இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே விளக்கம் தருகிறேன்.

சந்தேகம்: பெண் ஒருத்தி தனியாக அங்கே தங்கி வேலை பார்க்க முடியுமா?

முடியும். இரவில் தனியாக நடக்க அஞ்சாத மக்கள் எந்த நாட்டில் அதிகம் என்று கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கருத்துக்கணிப்பில் சிங்கப்பூர் முன்வரிசையிலேயே இருந்துவருகிறது. மாலை வகுப்பு முடித்து இரவு பத்து மணிக்கு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் ஆசிரியைகள் அங்கே சர்வசாதாரணம்.

அதற்காகக் குற்றமே நடக்காத ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் ‘மானபங்கம்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பேருந்திலும் ரயிலிலும் தகாத முறையில் தொடுவதைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ரகசியமாகப் படமெடுப்பது 2020 ஜனவரி முதல் தனிக் குற்றம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 2014ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இப்படி ஏதாவது நடந்தால் வாய்மூடி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ, விசா ரத்தாகுமோ என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். குற்றத்துக்கு ஆளானவர் புகார் கொடுப்பதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. இந்த இரண்டு எண்களையும் விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று என்பது நமக்குக் கூடுதல் தைரியம்.

சந்தேகம்: லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்ததே? அங்கே வீடு பார்க்கலாமா?

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்வி ஓயவில்லை. அதனால் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை விடுதிகளுக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்து ஒன்றில் அடிபட்டுத் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். சுற்றியிருந்தவர்கள் கொதித்தார்கள். ஆம்புலன்ஸும் காவல் வாகனங்களும் தாக்கப்பட்டன, சில எரிந்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. 1969க்குப் பிறகு அப்படியொரு கலவரத்தைச் சிங்கப்பூர் கண்டதில்லை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. விபத்துதான் பொறி, மீட்புப் பணி பற்றிப் பரவிய தவறான எண்ணமும் குடிபோதையும் அதை ஊதிவிட்டன என்பது குழுவின் முடிவு.

அதன் பின் வந்ததுதான் மதுக் கட்டுப்பாடு. 2015 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் இரவு பத்தரை மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி மண்டலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே வார இறுதியிலும் பொது விடுமுறை நாள்களிலும் விதிகள் இன்னும் கடுமை. காவல்துறை ரோந்தும் கண்காணிப்புக் கேமராக்களும் கூடின. தேக்கா என்றும் அழைக்கப்படும் இன்றைய லிட்டில் இந்தியா, அந்தத் தீவிலேயே மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. வீடு பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். புதிதாகப் போகும் பெண்ணுக்கு அது மிரட்சியாக இருக்கும். ஆனால் அவர்கள் யார்? வாரத்தில் ஆறு நாள் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் வீரமாகாளியம்மனைக் கும்பிடவும் நம் சாப்பாடு சாப்பிடவும் வந்தவர்கள். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் தம்பிகள். அவர்களைக் கண்டு பயப்படச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் பிடிக்காதவர்கள் காய்கறி வாங்கச் சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய்வரலாம், அவ்வளவுதான்.

அந்தக் கலவரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை வேறு. கலைந்து போகச் சொல்லிக் காவலர் உத்தரவிட்ட பின்பும் நின்றிருந்தவர்கள் பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எங்காவது கூட்டம் கூடினால் வேடிக்கை பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கவும் நிற்க வேண்டாம்.

சந்தேகம்: சுற்றுலா விசாவில் போய், அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். சரியா?

சரியில்லை. சுற்றுலா அனுமதியில் போய் நேர்காணலுக்கு உட்காரலாம். ஆனால் ஒரு நாள் பாடம் நடத்தினாலும் அது சட்டவிரோத வேலை. அனுமதியின்றி வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஆசிரியர் வேலைக்குப் பொருந்துவது பெரும்பாலும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், சுருக்கமாக ‘இபி’. 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது கூடக் கூட இந்த வரம்பும் உயரும். நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வரை போகிறது. சம்பளத்தோடு படிப்பு, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டினர் எத்தனை பேர் என்பதையெல்லாம் கணக்கிட்டு மதிப்பெண் போடும் ‘கம்பாஸ்’ முறையில் 40 புள்ளி எடுக்கவும் வேண்டும். இதற்கு அடுத்த நிலையான எஸ் பாஸில், நிறுவனத்தின் மொத்த ஆள்களில் இத்தனை விழுக்காடுதான் என்ற வரம்பு உண்டு. கட்டுமானத் தொழிலாளர்கள் போகும் ஒர்க் பெர்மிட்டில் இந்தியர் யாரும் ஆசிரியராக முடியாது. “பெர்மிட்டில் போய்விடுங்கள், அங்கே பள்ளியில் மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மனச்சாட்சியோடு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க்காரர்கள் பள்ளியில் படிப்பதே ஆங்கிலத்தில்தான். வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் கற்பிப்பவருக்கு அங்கே இடம் குறைவு. நம் ஆசிரியர்களுக்கு நடைமுறையில் வாய்ப்புள்ள கதவு, சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் குளோபல் இந்தியன், என்பிஎஸ், டிபிஎஸ் போன்ற இந்திய அனைத்துலகப் பள்ளிகள். “ஆங்கில ஆசிரியர் நூறு பேர் உடனே தேவை” என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பை இந்த நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொய் என்று தானே தெரியும்.

சந்தேகம்: ஏஜென்ட்டை எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், சரிபாருங்கள். ஊரில் ‘ஐபி வந்துவிட்டதா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கொள்கையளவு அனுமதிக் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது வந்ததும் ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப் கோப்போடு திருப்தியடையாமல், சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையத்தளத்துக்கே போய் விண்ணப்பத்தின் நிலையை நீங்களே பாருங்கள். கடிதத்தில் உள்ள முதலாளியின் பெயர், வேலை, சம்பளம் மூன்றும் உங்களிடம் சொன்னவைதானா? ஒன்று மாறினாலும் விமானம் ஏறாதீர்கள்.

சிங்கப்பூர் ஏஜென்சிகள் அமைச்சிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இதற்கு மேல் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வேலை கொடுத்ததற்காக முதலாளியே உங்களிடம் பணம் கேட்டால் அது குற்றம். காகிதத்தில் 5,600 காட்டிவிட்டுக் கையில் மூவாயிரம் கொடுப்பதும் குற்றம். “எல்லோரும் இப்படித்தான்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள், போடாதீர்கள். பட்டச் சான்றிதழ் போலியாக இருந்தாலோ வழக்கும் சிறையும் உங்களுக்குத்தான்.

2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியன்மாரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்டது நினைவிருக்கும். அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஏஜென்ட்கள்தான்.

சந்தேகம்: கணவர் இபியில் இருக்கிறார், நான் டிபியில் வந்திருக்கிறேன். வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் தப்பா?

சிங்கப்பூரில் வாழும் நம் பெண்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சார்ந்திருப்போர் அனுமதியான டிபியை வைத்துக்கொண்டு முன்பு ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் வேலை பார்க்க முடிந்தது. 2021 மே முதல் அது மாறிவிட்டது. வேலை பார்க்க வேண்டுமானால் உங்களுக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதும் வேலைதான். இபியில் இருக்கும் ஆசிரியரும் தன் பள்ளிக்கு வெளியே டியூஷன் எடுக்க முடியாது.

துணைப்பாட (டியூஷன்) நிலையத்தில் வேலைக்குச் சேர்வதானால் இன்னொன்றையும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிலையம் கல்வி அமைச்சில் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே கற்பிக்கும் ஆசிரியரும் பதிவு பெற வேண்டும்.

சந்தேகம்: அறை எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். வீட்டுத் தரகரின் பதிவெண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடினால் அவருடைய படமே வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் குறைந்தது ஆறு மாதமும் தனியார் வீடுகளில் மூன்று மாதமும் வாடகைக்கு எடுக்க வேண்டும். வீவக வீட்டுக்காரர் உங்கள் பெயரைக் கழகத்திடம் தெரிவித்து அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருந்தால்தான் நாளை முன்பணத்தைத் திருப்பித் தராதபோது நீதிமன்றத்தில் அது செல்லும்.

“இந்தியர் வேண்டாம்” என்று வாடகை விளம்பரத்தில் வெளிப்படையாகவே போட்டிருந்த காலம் உண்டு. இப்போதும் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் குரல் மாறுவது நடக்கிறது. அது வலிக்கும். அந்த வலியை ஊரில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சமைக்க அனுமதி உண்டா என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சந்தேகம்: சட்டம் மிகக் கடுமை என்கிறார்களே?

ஆம். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. அதனால் விமான நிலையத்தில் யார் கொடுத்தாலும், சித்தப்பா மகனுக்கு என்று சொன்னாலும், பார்சலை வாங்காதீர்கள். மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். அனுமதி முடிந்து தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கும் ஆண்களுக்குப் பிரம்படி உண்டு. இந்திய அரசியல் கட்சிக்கு ஆதரவாக நாலு பேர் பதாகை பிடிப்பதற்கும் காவல்துறை அனுமதி வேண்டும்.

சந்தேகம்: திருடன் பயம் இல்லை, சரி. வேறு எதில் ஏமாறுவோம்?

தொலைபேசியில். 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிக்காரர்களிடம் சிங்கப்பூர் மக்கள் இழந்தது சுமார் 110 கோடி வெள்ளி. பதிவான மோசடிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். “மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸில் பிரச்சினை” என்று அழைப்பு வந்தால் புதிதாகப் போனவருக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் அவர்கள் பணமாக்குகிறார்கள். எந்த அரசு அதிகாரியும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் கேளுங்கள். நண்பர் கேட்டார் என்று வங்கிக் கணக்கை இரவல் கொடுக்காதீர்கள். நாட்டுக்குள் நுழையும் முன் நிரப்பும் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.

சந்தேகம்: உடம்புக்கு முடியாமல் போனால்?

எஸ் பாஸ்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க முதலாளி கடமைப்பட்டவர். இபிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய சம்பளத்தில் போகிற ஆசிரியர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ஒப்பந்தத்தில் காப்பீடு இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் சொந்தமாக எடுங்கள். டெங்கிக் கொசுவையும் மறக்க வேண்டாம். 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் அங்கே டெங்கி கண்டது.

சந்தேகம்: வேறு நகரங்களோடு எப்படி ஒப்பிடுவது?

குற்றப் புள்ளிவிவரத்துக்கு முன்னால், இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்த நாட்டில் ஆங்கில ஆசிரியர் விசா உண்டா என்று பாருங்கள். தென் கொரியாவின் மொழி ஆசிரியர் விசா முதன்மையாக, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஏழு நாட்டினருக்கானது. சுற்றுலா விசாவில் பாடம் நடத்தவைக்கும் ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே நீங்கள் அடிபட்டால் மருத்துவமனைக்குப் போகவும் சம்பளம் நின்றால் புகார் கொடுக்கவும் அஞ்சி நிற்க வேண்டியிருக்கும்.

சந்தேகம்: சிங்கப்பூரில் சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவது?

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் ‘டேடம்’ எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்பில் மனுக் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம். கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள். சம்பளச் சீட்டுகள், வங்கிப் பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் பள்ளிக் கணினியில் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வேலையில் இருக்கும்போது என்றால் சம்பளம் நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் மனுக் கொடுக்க வேண்டும். இபி ரத்தானதும் பொதுவாக முப்பது நாள்தான் அங்கே தங்க முடியும். ஆகவே ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.