எந்த வகை? எந்தக் கணினி?

கணினியில் ஒரு புரோகிராம் தொடங்கியதும், தான் எதன்மேல் ஓடுகிறது என்று விசாரிக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘யூநேம்’ என்ற ஒரே அழைப்பில் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, பிராசஸரின் வகை எல்லாம் கிடைத்துவிடும். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களிடம் நேராகவே கேட்கலாம். ‘சிபியுஐடி’ கட்டளையைப் பூஜ்யத்தோடு ஏவினால், மூன்று ரெஜிஸ்டர்களில் நான்கு நான்கு ஆங்கில எழுத்துகளாகத் தயாரிப்பாளரின் பெயர் வந்து நிற்கும். ‘ஜெனுயின்இன்டெல்’ என்றோ ‘அத்தென்டிக்ஏஎம்டி’ என்றோ சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த விசாரணை அவசியம். பிராசஸருக்குத் தெரியாத கட்டளையை ஏவினால் புரோகிராம் அங்கேயே நின்றுபோகும். ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. விண்டோஸ் 11-கூட உள்ளுக்குள் தன்னை 10.0 என்றே சொல்கிறது. தேவையான வசதி இருக்கிறதா என்று கேட்பதே சரி.

இதுவரை கேட்டது வகையை. ‘லட்சக்கணக்கான கணினிகளில் நீ எது?’ என்று கேட்கும்போதுதான் சிக்கல். 1999-இல் வந்த பென்டியம் 3 பிராசஸரில் இன்டெல் 96 பிட் வரிசை எண் ஒன்றைப் பதித்தது. தனியுரிமை அமைப்புகள் கொதித்தெழுந்தன. பிந்தைய பிராசஸர்களில் அந்த எண் இல்லை. ஐபோனின் தனி அடையாள எண்ணைப் படிக்கும் செயலிகளை 2013 மே முதல் ஆப்பிள் ஏற்க மறுத்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, சாதாரணச் செயலிகளுக்குப் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைக் காட்டுவதை நிறுத்தியது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிவிடலாம். ஹார்டுவேர் எண் அப்படியல்ல. போனை முழுக்க அழித்துப் புதிதாக்கினாலும் ஐஎம்இஐ மாறாது. ஒரே எண் இரண்டு செயலிகளுக்குத் தெரிந்தால், இரண்டிலும் நீங்கள் செய்ததை ஒன்றுசேர்த்துப் பார்க்க முடியும். பயனரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இது நடக்கும்.

இப்படி ஒன்றுசேர்க்க முடியாதபடி கணினியை அடையாளம் காண லினக்ஸில் நல்ல வழி இருக்கிறது. பல லினக்ஸ் கணினிகளில் ‘மெஷின்-ஐடி’ என்ற 128 பிட் எண் ஒரு கோப்பில் இருக்கும். அதை ரகசியமாக வைக்க வேண்டும், அப்படியே வெளியே அனுப்பக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி எண்ணை உருவாக்கிக்கொள்ளலாம். அதை வைத்து மூல எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது.

செயலி எழுதுகிறவர்கள் வகையைத் தாராளமாகக் கேட்கட்டும். பிழை அறிக்கைகளைப் பிரித்தறிய, நிறுவும்போது உருவாக்கும் ஒரு தற்செயல் எண்ணே போதும். அதற்கு மேல் கேட்பதாக இருந்தால், காரணத்தைப் பயனரிடம் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.