முழங்கை நோவும் காலி ஸ்தானமும்

அமெரிக்காவில் வசந்த காலம் பிறந்துவிட்டதா என்று அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. பிப்ரவரி மாத மத்தியில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பந்தும் மட்டையுமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டார்களென்றால், அந்நாட்டு ஜனங்களுக்கு வசந்தம் வந்துவிட்டது என்றே அர்த்தம். நியூயார்க்கில் பனி உருகியிராது. சிகாகோவில் ஏரிக் காற்று எலும்பைத் துளைத்துக் கொண்டிருக்கும். ஆனால் பெரிய லீக்கின் முப்பது கோஷ்டிகளில் பதினைந்து புளோரிடாவிலும், பதினைந்து அரிஸோனாவிலும் பாளையமிறங்கிப் பயிற்சியைத் தொடங்கிவிடும். புளோரிடாப் பந்தயங்களுக்கு அங்கே விளையும் பம்பளிமாஸ் ஜாதிப் பழத்தின் பெயரையும், அரிஸோனாப் பந்தயங்களுக்கு அப் பாலைவனத்துக் கள்ளிச் செடியின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சிப் பந்தயங்களில் வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. மார்ச் மாதக் கடைசியில் தொடங்கும் 162 ஆட்டங்களே கணக்கு. ஆயினும் கணக்கில் சேராத இந்த ஆறு வாரங்களில் நிகழும் ஒரு சம்பவம் மட்டும் கட்டாயம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. யாராவது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறுவதுதான் அது. மாரிக் காலம் முழுவதும் முதலாளிகளும் மானேஜர்களும் உட்கார்ந்து எழுதிய ஜாபிதா அந்த ஒரு நிமிஷத்தில் கிழிந்து போகிறது. வேறு ஜாபிதா எழுத வேண்டியதாகிறது.

ஜாபிதா என்றால் என்ன என்பதை நேயர்களுக்குச் சற்று விளக்கிவிடுகிறோம். ஒவ்வொரு கோஷ்டியும் ஆட்ட நாளில் 26 பேரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே 40 பேர் கொண்ட பெரிய ஜாபிதா ஒன்று உண்டு. இருபத்தாறில் இடம் பெறாத மற்றவர்கள் சிறிய லீக் கோஷ்டிகளில் ஆடிக்கொண்டு, அழைப்பு எப்போது வருமென்று காத்திருப்பார்கள். காயம் பட்டவர்களுக்குத் தனி ஜாபிதா இருக்கிறது. மட்டை பிடிப்பவரானால் குறைந்தது பத்து நாளும், பந்தெறிபவரானால் பதினைந்து நாளும் அதில் இருக்க வேண்டும். காயம் பலமாயிருந்தால் அறுபது நாள் ஜாபிதாவில் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவர் நாற்பதின் கணக்கிலிருந்தும் நீங்கிவிடுவதால், அந்த ஸ்தானத்தில் புதிதாக ஒருவரை நியமிக்க இடமுண்டாகிறது. காயம் பட்டவருக்குச் சம்பளம் குறையாது. சர்வீஸ் நாட்களும் கழியாது. அந்த மட்டில் நியாயமான ஏற்பாடுதான்.

நமது பள்ளிக்கூடங்களில் 'ஆக்டிங்' உத்தியோகம் என்று ஒன்று உண்டல்லவா? நிரந்தர உபாத்தியாயர் நோய்வாய்ப்பட்டு ரஜா எடுத்தால், வேலையில்லாமல் காத்திருக்கும் ஓர் இளைஞருக்கு மூன்று மாதம் பாடம் சொல்லும் சந்தர்ப்பம் கிட்டும். அந்த இளைஞர் பெரியவருடைய நோயை விரும்பியவரல்ல. ஆனால் அந்த நோய் இல்லாவிட்டால் அவர் கையில் சுண்ணாம்புக்கட்டி ஏறியிருக்காது. பேஸ்பால் உலகமும் இதே தர்ம சங்கடத்தின் மீதுதான் சுழல்கிறது.

இதற்கு நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியின் இரண்டு வருஷ சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

2023-ஆம் வருஷத்தில் அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த பந்தெறிபவர் என்று வாக்களித்தோர் அனைவரும் ஒருமுகமாகத் தேர்ந்தெடுத்தது யாங்கீஸ் கோஷ்டியின் கெரிட் கோல் என்பவரை. ஒன்பது வருஷத்திற்கு 32 கோடியே 40 லக்ஷம் டாலர் என்று 2019 டிசம்பரில் அவரோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 2024 மார்ச்சில் புளோரிடாவின் டாம்பா நகரில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய வலது முழங்கையில் நோவு கண்டது. சோதித்த வைத்தியர்கள், நரம்பில் அழற்சியும் நீர்க்கோவையும் இருப்பதாகச் சொன்னார்கள். சஸ்திர சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் நீண்ட ஓய்வு அவசியமாயிற்று. அறுபது நாள் ஜாபிதாவில் அவர் பெயர் ஏறியது.

பேஸ்பாலில் பந்தெறிபவர் ஒருவர் ஓர் ஆட்டத்தைத் தொடங்கினால், பிறகு நாலைந்து நாள் கைக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆகவே ஐந்து பேர் முறை வைத்துத் தொடங்குவது வழக்கம். முதல் ஸ்தானத்திலிருந்தவர் நகர்ந்தால் மற்ற நால்வரும் ஒரு படி மேலே ஏறுகிறார்கள். கடைசிப் படி காலியாகிறது. ஹூஸ்டன் நகரில் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்தைக் கோலுக்குப் பதிலாக நெஸ்டர் கோர்டெஸ் தொடங்கினார். காலியான ஐந்தாவது படிக்குப் பலர் போட்டியிட்டார்கள். முடிவில் அது லூயிஸ் கில் என்ற இளைஞருக்குக் கிடைத்தது.

கில், டொமினிகன் குடியரசில் பிறந்தவர். 2021-இல் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்து, முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் பிரமிக்க வைத்தார். அடுத்த வருஷமே அவருடைய முழங்கையின் இணைப்பு நார் அறுந்து, சஸ்திர சிகிச்சை நடந்தது. 2023-இல் கீழ்ப்படி லீக்கில் இரண்டே ஆட்டங்கள். ஆகையால் 2024 மார்ச்சில் அவர் பயிற்சிக்கு வந்தபோது, அவருக்கென்று காத்திருந்த நாற்காலி ஏதுமில்லை. கோலின் முழங்கை சரியாயிருந்திருந்தால் கில் பென்ஸில்வேனியாவிலுள்ள சிறிய லீக் கோஷ்டிக்கு அனுப்பப்பட்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

பிறகு நடந்தது கதை போலிருக்கிறது. மே மாதம் 18-ஆம் தேதி சிகாகோ ஒயிட் ஸாக்ஸ் கோஷ்டிக்கு எதிரே அவர் பதினான்கு பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' ஆக்கினார். யாங்கீஸ் கோஷ்டியின் நெடிய சரித்திரத்தில் புதுமுகம் எவரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு பேரை அப்படி வெளியேற்றியதில்லை. ஜூன் 19-இல் கோல் திரும்பி வந்தார். 'ஆக்டிங்' இளைஞரை வீட்டுக்கு அனுப்பும் நாள் அதுதான். ஆனால் அவரை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, அனுப்பவும் முடியவில்லை. பருவ முடிவில் கில் 15 ஆட்டங்களில் வெற்றியும் 7-இல் தோல்வியும் கணக்கில் பெற்று, 171 ஸ்ட்ரைக் அவுட்டுகளுடன் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். கோஷ்டி உலகப் பந்தயத்துக்கே சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸிடம் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றது.

கோடிக்கணக்கில் சம்பளம் பெறுபவர் விட்டுச் சென்ற வேலையை, அவ்வருஷம் 7 லக்ஷத்து 40 ஆயிரம் டாலராயிருந்த குறைந்தபக்ஷச் சம்பளத்தை ஒட்டி வாங்கிய ஒருவர் சுமந்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தன் ஜாபிதாவின் அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் கோஷ்டி பிழைக்கிறது. உச்சியில் இருப்பவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் கோஷ்டி முதல் காயத்திலேயே சாய்கிறது.

ஸ்தானத்தை விட்டுச் செல்பவரின் பயமும் சாமானியமானதல்ல. இதே யாங்கீஸ் கோஷ்டியில் 1925 ஜூன் மாதத்தில் வாலி பிப் என்ற பழைய ஆட்டக்காரரை ஒரு நாள் உட்கார வைத்து, லூ கெரிக் என்ற வாலிபரை ஆட விட்டார்கள். பிப்புக்குத் தலைவலி என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், கெரிக் அதன் பிறகு 1939 வரையில் இடைவிடாமல் 2,130 ஆட்டங்கள் ஆடினார். பிப் அடுத்த வருஷமே சின்சினாட்டிக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிறு நோவை வாய் விட்டுச் சொல்லத் தயங்குவதற்கு இந்தக் கதையின் நிழலும் ஒரு காரணம். சொல்லாமல் மறைத்த சிறு நோவு பெருங் காயமாவதும் உண்டு.

இனி மறு வருஷத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் அதே டாம்பா, அதே பயிற்சி. கோலின் முழங்கை மீண்டும் நொந்தது. இம்முறை ஓய்வு போதவில்லை. மார்ச் 11-ஆம் தேதி சஸ்திர சிகிச்சை நடந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு இல்லை என்றாயிற்று. சென்ற வருஷம் அவர் இடத்தை நிரப்பிய கில் எங்கே என்று கேட்கிறீர்களா? அவருக்கும் அதே பயிற்சிக் காலத்தில் வலது விலாப்புறத்து முதுகுத் தசையில் காயம் கண்டுவிட்டது. ஆகஸ்டு மாதம் வரையில் அவரால் பெரிய லீக்கில் பந்து தொட முடியவில்லை. மட்டை வீரர் ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்கோ இரண்டு முழங்கைகளிலும் வலி. அவர் ஜூன் மாதத்தில்தான் வந்து சேர்ந்தார்.

இப்போது புதுப் பெயர்கள் எழுந்தன. 2024-இல் வந்து அடி வாங்கித் திரும்பிய வில் வாரன் என்பவர், கில்லின் காலி ஸ்தானத்தில் நுழைந்து அந்தப் பருவத்தில் 33 ஆட்டங்களைத் தொடங்கினார். ஸ்டான்டன் இல்லாத நாட்களில் மட்டை பிடிக்க அழைக்கப்பட்ட பென் ரைஸ் அவ்வருஷம் 26 'ஹோம் ரன்' அடித்தார். முதல் டிசம்பரில் எட்டு வருஷத்துக்கு 21 கோடியே 80 லக்ஷம் டாலர் பேசிக் கொண்டு வந்திருந்த மாக்ஸ் ஃபிரீட், கோலுக்குத் துணையாக வந்தவர், கோலின் பாரத்தையே தாங்கி 19 வெற்றிகள் பெற்றார். ஜூலையில் கிளார்க் ஷ்மிட் என்பவருக்கும் முழங்கை போகவே, காம் ஷ்லிட்லர் என்ற புதுமுகம் வந்தார். அந்த ஷ்லிட்லர்தான் அக்டோபர் 2-இல் பாஸ்டன் ரெட் ஸாக்ஸை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் எட்டு இன்னிங்ஸ் தடுத்து நிறுத்தியவர். கோஷ்டி 94 ஆட்டங்களில் வென்றது. அதிசயம் என்னவென்றால், 2024-இலும் இதே 94 தான்!

இதைக் கேட்டுவிட்டு, "போனால் போகட்டும், ஒருவர் விழுந்தால் மற்றொருவர் இருக்கிறாரே!" என்று நாம் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. ஏன் இத்தனை முழங்கைகள் அறுகின்றன என்று கேட்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் இந்த நார் அறுந்தால் ஆட்டக்காரரின் பிழைப்பே போயிற்று. 1974 செப்டம்பரில் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர், டாமி ஜான் என்ற பந்தெறிபவரின் முன்னங்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து, 1989 வரையில் ஆடி, சிகிச்சைக்குப் பின் மட்டும் 164 ஆட்டங்களில் வென்றார். சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் மருந்து கிடைத்தவுடன் நோய் குறைந்துவிடவில்லை. பெரிய லீக்கின் அதிகாரிகள் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், 2005-இல் பந்தெறிவோர் காய ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது 212 தடவை என்றும், 2024-இல் 485 தடவை என்றும் காண்கிறது. 2008-இல் மணிக்கு 91.3 மைலாயிருந்த வேகப் பந்தின் சராசரி 2024-இல் 94.2 ஆகியிருக்கிறது. அளவுக்கு மீறிய வேகத்தை நாடுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதுமே முக்கிய காரணங்களாயிருக்கக்கூடும் என்பது அறிக்கையின் முடிவு. முன்னெல்லாம் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்தபின் மெள்ள மெள்ளக் கையைப் பழக்குவார்கள். இப்போது மாரிக் காலத்திலேயே முழு வேகத்தில் எறிந்து பழகிக்கொண்டு வருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் காயங்கள் குவிவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

நாற்காலிக்காகக் காத்திருக்கும் இளைஞன் மானேஜரின் கண்ணில் படுவது எவ்வாறு? வேகத்தால்தான். கில் எறிந்த வேகப் பந்து சராசரி 96 மைலுக்கு மேல் சென்றது. அந்த வேகமே அவருக்கு ஸ்தானத்தை வாங்கிக் கொடுத்தது. எந்த வேகம் ஸ்தானத்தை வாங்கிக் கொடுக்கிறதோ, அதே வேகம் அதைக் காலி செய்யவும் காத்திருக்கிறது. காலியான ஸ்தானத்துக்கு வருபவன் இன்னும் வேகமாக எறிந்தாக வேண்டும். இப்படியே சக்கரம் சுழல்கிறது.

கோஷ்டிக்கு 94 என்ற எண் இரண்டு வருஷமும் மாறவில்லை. சிகிச்சை மேஜையில் படுத்த மனிதனுக்கோ ஒரு வருஷ வாழ்வு போய்விட்டது. கோஷ்டியின் ஜாபிதாவில் காலி இடத்தை நிரப்ப எப்போதும் ஆளுண்டு. ஆனால் ஒவ்வொரு மனிதனுக்கும் எறியும் கை ஒன்றுதான். வசந்தப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் முழங்கைகளை நிதானமாகப் பழக்கும் பொறுமை அந்த மானேஜர்களுக்கு வருமானால், புதிய பெயர்கள் அப்போதும் எழும். அவை பிறருடைய நோவின் மீது ஏறி எழ வேண்டியிராது.