மின்வண்டியும் அதன் உருவமும்

மோட்டர் வண்டி செய்வோர், விற்பனைக்குரிய வண்டியைச் செய்யுமுன் சில வேளைகளில் வேறொரு வண்டியைச் செய்து பொதுமக்கள் முன்னிலையில் நிறுத்துவர். அது விற்பதற்கன்று; தம் உள்ளத்திலுள்ள எண்ணம் இன்னதென்று காட்டுதற்கும், காண்போர் அதனை ஏற்பரோ நகைப்பரோ என்று அறிதற்குமே செய்யப்படுவது. ஆங்கிலத்தில் 'கொன்செப்ற் கார்' எனப்படும் இதனை நாம் ஈண்டு 'எண்ண வண்டி' என வழங்குவோம். இதனினும் நல்ல சொல் கண்டவர் அதனையே ஆளுக. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்லி ஏர்ள் என்பார் உருவாக்கிய பியூக் வை-ஜொப் என்பதையே இவ்வகை வண்டிகளுள் முதலாவதாகப் பலரும் கொள்வர். அதன்பின் தோன்றிய எண்ண வண்டிகளுட் பெரும்பாலானவை கண்காட்சி முடிந்ததும் மறக்கப்பட்டன. ஆகாய விமானத்தின் வாலை மோட்டர் வண்டிக்கு ஒட்டிவைத்துப் புதுமை என்றவர்களும் உளர்.

ஆயின், உருவத்துக்குக் காரணம் சொல்லக்கூடிய எண்ண வண்டிகளும் சில உள. அவற்றுள் ஒன்று, பிரித்தானியாவின் ஜகுவார் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே வெளிப்படுத்திய ஐ-பேஸ் எண்ண வண்டியாகும். ஜீப்பின் வழிவந்து, தரையினின்றும் உயர்ந்து நிற்கும் எஸ். யூ. வீ. என்னும் வகையைச் சேர்ந்தது; முற்றிலும் மின்சாரத்தால் ஓடுவது. அதனை வரைந்த குழுவின் தலைவர் இயன் கலம் என்பவர்.

இவ்வண்டியை விளங்கிக்கொள்ள விரும்பும் மாணவர் முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்தல் நன்று. வண்டியிலுள்ள இலிதியம் அயன் பற்றரி 90 கிலோவாற்று மணி மின்சக்தியைக் கொள்வது. வீட்டு மின்கட்டணச் சீட்டில் ஓர் அலகு எனக் குறிக்கப்படுவது ஒரு கிலோவாற்று மணியே; ஆகவே வண்டி சுமப்பது தொண்ணூறு அலகு. ஓர் இலீற்றர் பெற்றோல் எரியும்பொழுது வெளிவரும் சக்தியோ ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி. எனவே அப்பெரிய பற்றரி முழுவதும் அடங்கியிருப்பது பத்து இலீற்றர் பெற்றோலின் சக்தி மாத்திரமே! பத்து இலீற்றர் பெற்றோலின் நிறை ஏழரைக் கிலோகிராம் அளவினது. பற்றரியின் நிறையோ ஏறத்தாழ 600 கிலோகிராம்.

இங்ஙனமாயின் மின்வண்டி எவ்வாறு ஓடுகின்றது? பெற்றோல் எஞ்சின் தான் உண்ணும் சக்தியிற் பெரும்பங்கை வெப்பமாக வெளியே கொட்டிவிடுகின்றது. சில்லைச் சுழற்றப் பயன்படுவது காற்பங்கு அல்லது மூன்றிலொரு பங்களவினதே. மின்மோட்டரோ பத்தில் ஒன்பது பங்கு வரையிற் பயன்படுத்தவல்லது. மேலும், வேகத்தைத் தணிக்கும்போது அதே மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, வண்டியின் இயக்கப்பாட்டுச் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்கு மீட்டுக் கொடுக்கின்றது. பெற்றோல் வண்டியில் அச்சக்தி பிறேக்கின் சூடாய் வீணே போவதாகும். எனினும் இருப்பு பத்து இலீற்றருக்கு ஒப்பானதே என்பதை நாம் மறத்தலாகாது. சிறு வருவாயிற் குடும்பம் நடத்துவோன் ஒவ்வொரு சதத்தையும் எண்ணிச் செலவிடுதல்போல, இவ்வண்டியை வரைந்தோரும் ஒவ்வொரு வளைவையும் எண்ணியே வரையவேண்டியவராயினர்.

அறுநூறு கிலோகிராம் சுமையை எங்கே வைப்பது? முன்னே வைத்தால் வண்டி தலை கவிழும். பின்னே வைத்தாற் பொருள் வைக்க இடமிராது. ஆதலின் பற்றரியைத் தட்டையாக்கி, அலுமினியப் பேழையுள் அடக்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே தளத்தின் கீழ்க் கிடத்தினர். அப்பேழை வண்டியின் உடலுக்கு உறுதி தரும் உறுப்பாகவும் அமைந்தது. பெருஞ்சுமை தாழ்ந்து கிடத்தலின் புவியீர்ப்பு மையமும் தாழ்ந்தது. உயர்ந்த வண்டிகள் வளைவிலே சாயும் குறை இதனாற் குறைந்தது. அச்சுக்கு ஒன்றாக இரு மோட்டர்கள். அவற்றின் மொத்த வலு 400 பரிவலு, முறுக்கம் 700 நியூற்றன் மீற்றர். சில்லைச் சுழற்றும் தண்டு மோட்டரின் நடுவே புகுந்து செல்லுமாறு அமைத்தமை நாம் பெரிதும் வியந்த அமைப்பாகும். மோட்டரும் தண்டும் அருகருகே நில்லாது ஒன்றனுள் ஒன்றாய் அடங்குதலின் இடம் மிச்சமாகின்றது.

இனி உருவத்துக்கு வருவோம். பெற்றோல் வண்டியின் முன்பகுதி நீண்டிருப்பது எஞ்சின் அங்கே குடியிருப்பதனாலாகும். எஞ்சின் போனபின் நீண்ட முன்பகுதிக்கு வேலை இல்லை. ஆகவே பொனற் குறுகியது. முன்கண்ணாடி முன்னே நகர்ந்தது. அதனோடு ஆசனங்களும் முன்னே நகர்ந்தன. இதன் பயனை அதே நிறுவனத்தாரின் பெற்றோல், டீசல் வண்டியாகிய எஃப்-பேஸ் என்பதனோடு ஒப்பிட்டுக் காணலாம். எஃப்-பேஸின் நீளம் 4.73 மீற்றர், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 2.87 மீற்றர். ஐ-பேஸின் நீளம் 4.68 மீற்றர், இடைத்தூரம் 2.99 மீற்றர். வண்டி ஐந்து சென்ரிமீற்றர் குறுகியிருக்க, சில்லிடைத் தூரம் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கூடியது. மனிதர் இருப்பதற்குரிய இடம் அந்த இடைத்தூரமே. பின்னே 530 இலீற்றரும், முன்மூடியின் கீழ் 28 இலீற்றரும் பொருள் வைக்கும் இடமாயின.

அடுத்தது காற்று. விரைந்தோடும் வண்டியின் பெரும்பகை அதுவே. வேகம் இருமடங்கானாற் காற்றின் தடை நான்மடங்காகும் என்பது பௌதிக வகுப்பிற் கற்பது. ஒரே வேகத்திலும் பரப்பிலும் உருவத்துக்கேற்பத் தடை வேறுபடுவதை இழுவைக் குணகம் என்னும் எண்ணாற் குறிப்பர். எண் சிறிதாகச் சிறிதாகத் தடை குறைவு. இவ்வண்டியின் எண் 0.29. உயர்ந்த வண்டிக்கு இது நல்ல எண்ணே. இதனை எய்தும் பொருட்டுக் கூரையைப் பின்னோக்கித் தாழ்த்தினர். வாற்பகுதியை நீட்டாது சடுதியாக வெட்டி நிறுத்தினர். கதவின் கைப்பிடிகள் கதவோடு ஒட்டி மறைந்தன. பின்கண்ணாடியில் நீர் ஒட்டாப் பூச்சுப் பூசி வைப்பரையே நீக்கினர். வாலை வெட்டினாற் காற்றுத் தடை கூடுமன்றோ எனச் சிலர் ஐயுறலாம். நீண்டு கூம்பிய வாலே தடை மிகக் குறைந்தது என்பது உண்மையே. ஆயின் அத்துணை நீளத்தைத் தெருவிற் கொண்டுசெல்ல இயலாது. ஓரளவு கூம்பியபின் வெட்டிவிட்டாலும் நன்மையிற் பெரும்பகுதி எஞ்சும் என்பதைச் செருமானியப் பொறியியலாளர் வுனிபால்ட் காம் 1930களிலே காட்டினார்.

முகப்பிலுள்ள கம்பிச் சாளரமே நமக்குச் சற்றுச் சிந்தனை தந்தது. அது பெற்றோல் வண்டியின் றேடியேற்றருக்குக் காற்று ஊட்டுதற்கென எழுந்தது. எஞ்சினே இல்லாத வண்டிக்கு அஃது எதற்கு? பழக்கத்தின் பொருட்டு வைத்த முகமூடி என்று சொல்லத் தோன்றும். முற்றிலும் அவ்வாறன்று. பற்றரிக்கும் மோட்டருக்கும் குளிர்ச்சி வேண்டும். அன்றியும் சாளரத்தாற் புகும் காற்று பொனற்றிலுள்ள ஒரு வாய்வழியே மேலெழுந்து முன்கண்ணாடிமீது வழுக்கிச் செல்லுமாறு அமைத்திருந்தனர். ஆயினும் அத்துணை பெரிய சாளரம் வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. பாதி தேவை, பாதி குலச்சின்னம்.

23 அங்குலச் சில்லுகளோ முழுவதும் நாடகமே. பெருஞ்சில்லு கண்ணுக்கு அழகு. ஆனால் நிறை மிகும், மெல்லிய ரயர் குழியின் அடியை உள்ளிருப்போருக்கு அப்படியே அறிவிக்கும். உள்ளே 12 அங்குலத் தொடுதிரை ஒன்றும் அதன் கீழ் 5.5 அங்குலத் திரை ஒன்றும் இருந்தன. திருகு குமிழ்களையும் நீக்காது வைத்தமை நன்று, கண்ணைத் தெருவினின்றும் எடாமலே கை குமிழைக் கண்டுகொள்ளுமாதலால்.

இத்துணை சிக்கனம் பேணுவோர் உயர்ந்த வண்டியைத் தேர்ந்தது ஏன் என்ற வினா எஞ்சுகின்றது. தளத்தின் கீழே பற்றரி கிடப்பதால் தளம் உயரும். தளம் உயர்ந்தால் ஆசனமும் கூரையும் உயரவேண்டும். தாழ்ந்த வண்டியில் இவ்வுயர்ச்சி அவலட்சணமாய்த் தோன்றும், எஸ். யூ. வீ. வண்டியிலோ அது மறைந்துவிடும். வாங்குவோரும் அவ்வகையையே விரும்பினர். ஆயின் உயரம் கூடினாற் காற்று மோதும் பரப்புக் கூடும். அதனை வெல்லப் பெரிய பற்றரி வேண்டும். பெரிய பற்றரியால் நிறை கூடும். பின்னர் விற்பனைக்கு வந்த வண்டி இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுடையதாயிற்று. ஒருவர் இருவர் செல்வதற்கு இரண்டு தொன் உலோகத்தை உருட்டுவது சிக்கனமா என்ற கேள்விக்கு, இழுவைக் குணகம் விடையாகாது.

ஓடும் தூரத்தைப் பற்றிய எண்களையும் கவனமாகப் படித்தல் வேண்டும். ஒருமுறை மின்னேற்றினால் 500 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் என எண்ண வண்டிக்கு அறிவித்தனர். அது மெல்லோட்டத்தை மிகுதியாகக் கொண்ட பழைய ஐரோப்பியச் சோதனைக் கணக்கு. அதே வண்டிக்கு அமெரிக்க முறைப்படி அவர்கள் மதித்தது 220 மைல், அதாவது ஏறத்தாழ 354 கிலோமீற்றர். பற்றரி ஒன்றே, சோதனை வேறு. 2018ஆம் ஆண்டு விற்பனை வண்டி வெளிவந்தபோது புதிய ஐரோப்பியச் சோதனைக்கு 470 கிலோமீற்றரும், அமெரிக்க முறைக்கு 377 கிலோமீற்றரும் கணிக்கப்பட்டன. எண் கேட்குமிடத்து எச்சோதனை என்றும் கேட்டறிவதே முறை.

விற்பனை வண்டி ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலே கட்டப்பெற்றது. 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆண்டு வண்டி, உலக ஆண்டு வண்டி என்னும் இரு பரிசில்களையும் பெற்று, சில ஆண்டுகளின் பின் உற்பத்தி நின்றது. குறுகிய பொனற், முன்னே நகர்ந்த கண்ணாடி, வெட்டிய வால், வைப்பரில்லாப் பின்கண்ணாடி யாவும் எண்ண வண்டியிற் கண்டவாறே தெருவுக்கு வந்தன. 23 அங்குலச் சில்லுகள் வரவில்லை. வாங்குவோருக்குக் கிடைத்தவை 18 முதல் 22 அங்குலம் வரையினவே.