கேமராவுக்கு மேகம் வைக்கும் டெஸ்ட்!

துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பைக்கை ஓரங்கட்டிட்டு நிமிர்ந்து பாருங்க பாஸ்... பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேலே, பெருங்குடி ஐ.டி. கட்டடங்களுக்கு மேலே, கறுகறுன்னு திரண்டு வருது மேகம். 2015 டிசம்பர் மழை, 2023 மிக்ஜாம்னு ரெண்டு வெள்ளம் பார்த்த ஏரியாவாச்சே... அடிவயித்துல புளியைக் கரைக்கும்! ஆனா, அதே மேகத்தை மேலேயிருந்து பார்த்தா கறுப்பு இல்லை, பளீர் வெள்ளை. அந்த வெள்ளையை வெச்சுத்தான் விண்வெளி கேமராக்களுக்குக் கண் டெஸ்ட் பண்றாங்க விஞ்ஞானிகள்!

கேமராவுக்கும் வயசாகும்!

2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இன்சாட்-3டிஆர்... ரெண்டுமே சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நம்ம ஊர் மேகங்களைப் படம் பிடிக்கப் போனவை. கதிர்வீச்சு, கண்ணாடிகளில் படியும் மாசு இதெல்லாம் சேர்ந்து, வருஷம் ஆக ஆக இந்த மாதிரி கேமராக்களின் பார்வை மங்கும். செல்போன் கேமரான்னா சட்டையில துடைச்சுக்கலாம். அங்கே யார் போறது?

இதனால் என்ன நஷ்டம்? பத்து வருஷப் படங்களை வரிசையா அடுக்கினா, வங்கக் கடல் மேகங்கள் மங்கிக்கிட்டே வர்ற மாதிரி தெரியும். மாறினது பருவநிலையா, கேமராவாங்கிற கேள்விக்குப் பதில் தெரியாம எந்த முடிவுக்கும் வர முடியாது.

வெள்ளைன்னா இதான் வெள்ளை!

வெப்பமண்டலத்தில் இடி, மின்னலோட மேலே எழும்புற ராட்சத மேகங்களின் உச்சி 15 கி.மீ.க்கும் மேலே போகும். அங்கே கேமராவின் பார்வையை மறைக்க நீராவி ரொம்பக் குறைவு. விழுற வெயிலில் சுமார் 90 சதவிகிதத்தை அப்படியே திருப்பி அனுப்பும்.

இந்த மேகங்களைக் கண்டுபிடிக்கிறதும் ஈஸி. அகச்சிவப்புப் படத்தில் மைனஸ் 68 டிகிரி செல்சியஸுக்கும் கீழே ஜில்லுனு இருக்கிற இடங்களை மட்டும் பொறுக்கணும். மேகத்தின் ஓரங்களைக் கழட்டி விட்டுடணும். சூரியனின் கோணம், தூரம் ரெண்டுக்கும் திருத்தம் போடணும். ஒரு மேகம் ஏமாத்தலாம்... ஒரு மாசத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஏமாத்தாது. அதில் அதிகம் பேர் எடுத்த மார்க் எதுன்னு மாசாமாசம் குறிச்சு வைப்பாங்க. உதாரணத்துக்கு, இருட்டு அளவைக் கழிச்ச பிறகு 800 காட்டின கேமரா, சில வருஷம் கழிச்சு 760 காட்டினா? மேகம் அதே மேகம். மங்கினது கேமரா... 5 சதவிகிதம்!

உலக வானிலை அமைப்பின் முயற்சியில் 2005-ல் தொடங்கின ஜி.எஸ்.ஐ.சி.எஸ். கூட்டமைப்பு இந்த முறையைப் பயன்படுத்துது. இஸ்ரோவும் இந்திய வானிலைத் துறையும் அதில் மெம்பர்ஸ். 2002-ல் பறந்த நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ் கருவியைத்தான் பல வருஷம் ஒப்பிடும் அளவுகோலா வெச்சிருந்தாங்க. மேகத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திடலை. அகமதாபாத் இஸ்ரோ விஞ்ஞானிகள் கட்ச் ரண் உப்பு வெளிக்கே கருவிகளோட போய் அளந்து சரிபார்த்திருக்காங்க. நிலா, பாலைவன மணல்னு வேற சாட்சிகளும் உண்டு.

வெர்னியர் காலிப்பர்ல ஸீரோ எரர் பார்க்காம ரீடிங் எடுத்து, ஃபர்ஸ்ட் இயர் லேப்ல திட்டு வாங்கின கோஷ்டியா நீங்க? நானும்தான்! உலகத்தைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஸ்கேலைச் சந்தேகப்படுன்னு அன்னிக்கு சார் கத்தினதைத்தான், இந்த மேகமும் சத்தமா இடிச்சுச் சொல்லுது!