சக்கரத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கார் சக்கரத்துக்குப் பொருத்தம் பார்ப்பதை யாராவது கேள்விப்பட்டது உண்டா?

உண்டு! ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து இந்தப் பொருத்தம் பார்க்கிறார்கள். பொருத்தம் தவறினால் பணம் மட்டும் போகாது. ஓடும் காரிலிருந்து சக்கரமே கழன்று போகலாம்.

ஒரு சின்னக் கார்

உதாரணத்துக்கு ஜப்பானின் மாஸ்டா மியாட்டா என்ற காரை எடுத்துக் கொள்வோம். இரண்டே பேர் உட்காரும் சின்னக் கார் அது. வெயில் இதமாக இருந்தால் கூரையை மடக்கி விட்டுக் காற்று வாங்கிக் கொண்டே போகலாம். 1989-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் சிக்காகோ நகரக் கண்காட்சியில் முதன் முதலாக இதைக் காட்டினார்கள். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். ஐரோப்பாவில் எம்.எக்ஸ்.5. ஜப்பானில் ரோட்ஸ்டர். 2016-ம் ஆண்டில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான்.

முதலில் வந்த கார்களுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகி விட்டது. அவற்றின் சக்கரம் 14 அங்குலம். அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது குறைந்து போயிற்று. 15 அங்குலத்தில் நிறையக் கிடைக்கிறது. அதனால்தான் பலர் சக்கரத்தை மாற்றுகிறார்கள். சும்மா அழகுக்காக மாற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்!

நூறா? தொண்ணூற்று எட்டா?

இந்தக் காரின் சக்கரத்தில் நான்கு ஓட்டைகள். எதிரும் புதிருமாக உள்ள இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சரியாக 100 மில்லி மீட்டர். பழைய பியட் எக்ஸ் 1/9 காருக்கும் நான்கு ஓட்டைதான். ஆனால் அதில் 98 மில்லி மீட்டர். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தள்ளி மாட்டினால் உள்ளே போனது போலவே இருக்கும். உண்மையில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லி மீட்டர் வளைந்து கொடுத்துத்தான் நட்டை ஏற்றுக் கொள்கிறது. ஓட ஓட நட்டு தளரும், அல்லது போல்ட் முறியும்.

நான்கு ஓட்டை சரியாக இருந்தால் போதுமா? போதாது. நடு ஓட்டையையும் பார்க்க வேண்டும். மியாட்டாவுக்கு அது 54.1 மில்லி மீட்டர். ஹோண்டா சிவிக் காரின் பழைய சக்கரங்கள் பலவற்றில் நான்கு ஓட்டை இதே 100-தான். நடு ஓட்டை மட்டும் 56.1. மாட்டலாம். ஆனால் சக்கரம் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். இதற்கு வைத்தியம் சுலபம். இடைவெளியை அடைக்கும் வளையம் சில்லறை விலையில் கிடைக்கிறது.

நட்டு விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஹோண்டா கம்பெனிச் சக்கரத்தில் நட்டு உட்காரும் குழி உருண்டையாக இருக்கும். மியாட்டாவின் நட்டு கூம்பு போல இருக்கும். கூம்பைக் குழிக்குள் வைத்து எவ்வளவு முடுக்கினாலும் அது ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். சக்கரம் மட்டும் மாற்றி நட்டை மாற்றாதவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

உள்ளேயா, வெளியேயா?

சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு நடுக்கோடு உண்டு. காரோடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை "ஆப்செட்" என்கிறார்கள். மியாட்டாவின் கம்பெனிச் சக்கரத்துக்கு அகலம் ஐந்தரை அங்குலம். ஆப்செட் 45 மில்லி மீட்டர்.

இப்போது ஒருவர் ஏழு அங்குல அகலச் சக்கரம் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லி மீட்டர் கூடுகிறது. ஆப்செட் அதே 45 ஆக இருந்தால் உள்பக்கம் 19, வெளிப்பக்கம் 19 என்று சமமாகப் பிரியும். உள்ளே போகும் 19 மில்லி மீட்டர் ஸ்பிரிங் பக்கம் நெருக்கும். ஆப்செட் 35 ஆனால் உள்ளே 9 தான் போகும். வெளியே 29 வரும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 35-க்கு அருகில் தேடுகிறார்கள். இன்னும் குறைத்தால் சக்கரம் மட்கார்டை விட்டு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். ஜப்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காரைச் சர்க்கார் பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். சக்கரம் வெளியே நீட்டிக் கொண்டிருந்தால் சீட்டு கிடையாது!

டயர் உயரத்திலும் கணக்கு உண்டு. கம்பெனி டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் உயரம் சுமார் 578 மில்லி மீட்டர். 15 அங்குலச் சக்கரத்தில் 195/50 டயர் போட்டால் 576. கிட்டத்தட்ட அதேதான். 16 அங்குலத்தில் 205/45 போட்டால் 591 ஆகி விடும். கார் உண்மையில் 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது முள் இரண்டு குறைத்துக் காட்டும். டயரின் பக்கச் சுவரும் 111 மில்லி மீட்டரிலிருந்து 92-க்கு இறங்கி விடும். குழியில் விழுந்தால் அடி நேராகச் சக்கரத்துக்குத்தான்.

கனம் யார் சுமப்பது?

காரின் உடம்பை ஸ்பிரிங் தாங்குகிறது. சக்கரத்தை யார் தாங்குவது? யாரும் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் அது தானே குதித்துத் தானே இறங்க வேண்டும். கனமான சக்கரம் சட்டென்று இறங்காது. அந்த நேரம் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. வளைவில் அப்படி ஆனால் கார் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதோடு, சுழலும் கனத்தை வேகப்படுத்தவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். மொத்தமே 940 கிலோ உள்ள காருக்கு இது பெரிய சங்கதி.

ஜப்பானில் ரேஸ் என்ற கம்பெனி 1996-ல் டிஇ37 என்ற சக்கரத்தை வெளியிட்டது. அதன் 15 அங்குலம், ஆறு அங்குல அகலச் சக்கரம் 3.7 கிலோதான். பெயரில் உள்ள 37 அதைத்தான் குறிக்கிறது. உருக்கி ஊற்றாமல், அலுமினியத்தைப் பெரும் பாரத்தில் அடித்து அழுத்திச் செய்தது. விலை அதிகம். மலிவான 17 அங்குல வார்ப்புச் சக்கரம் எட்டு, ஒன்பது கிலோ வரை இருக்கும். பார்க்க ஜோர்! ஓட்ட மந்தம்.

விலை உயர்ந்த சக்கரத்துக்குப் போலி வராமல் இருக்குமா? வந்திருக்கிறது. அதே ஆரம், அதே வர்ணம். உள்ளே வலு இருக்காது. ஜப்பானில் அலுமினியச் சக்கரத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை வேண்டும். வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் தனிச் சங்கம் ஒன்று சோதித்ததற்கு அடையாளம். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம்.

மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது. ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே உள்ளது. நூறு கிலோ மீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு வேடிக்கை. இத்தனை பேர் 15-க்கும் 17-க்கும் மாறிய பிறகு, 2017-ம் ஆண்டில் மாஸ்டா கம்பெனி ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்காகப் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி பழைய 14 அங்குல டயரையே மறுபடி செய்து கொடுத்தது. பரணில் போட்ட கம்பெனிச் சக்கரத்தைத் துடைத்து எடுத்தவர்களுக்கு எந்தப் பொருத்தமும் பார்க்கும் வேலை இல்லை!